தாணுவின் வண்டியில் வந்த டாக்டர்கள்

போன மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. திருவனந்தபுரத்திலிருந்து வந்திருந்த பெரிய உத்தியோகஸ்தர் ஒருவர் பேசினார். "படித்த டாக்டர்கள் பட்டணத்துச் சுகத்தை விட்டுவிட்டு இந்த மாதிரிக் குக்கிராமங்களுக்கு வரச் சம்மதிப்பதில்லை. சர்க்கார் என்ன செய்ய முடியும்?" என்று வருத்தப்பட்டார். ஊரே உச்சுக்கொட்டியது. அப்புறம் கைதட்டியது. கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

பொய். அத்தனையும் பொய். மருதங்கரைக்கு டாக்டர்கள் வந்தார்கள். ஏழெட்டு வருஷத்துக்குள் நாலு பேர் வந்தார்கள். நாலு பேரையும் கொட்டாரத்திலிருந்து ஏற்றி வந்ததும் ஒரே வண்டி, திரும்பக் கொண்டுபோய் விட்டதும் அதே வண்டி. அந்த வண்டிக்காரர் தாணுவை அன்றைய கூட்டத்தில் ஒருவரும் நினைக்கவில்லை. ஊரில் யாரும் அவரை 'அவர்' என்று சொன்னதுகூடக் கிடையாது. நான் சொல்லப்போகிறேன்.

கொட்டாரத்தில் ரோட்டை விட்டிறங்கினால் எங்கள் ஊருக்கு மூன்று மைல். இரண்டு பக்கமும் வயல், நடுவில் கால்வாய்க்கரை. அந்தக் கரைதான் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் கரை முழுக்கச் சகதியாகிவிடும். அப்போது வண்டியோட்டத் துணிந்தவர் தாணு ஒருவர்தான். எந்த இடத்தில் சக்கரம் இறங்கும், எந்த மடையருகில் காளைகள் மிரளும் என்பதெல்லாம் அவருக்குக் கைரேகை மாதிரி தெரியும். மனிதர்களிடம் பேசுவதைவிடக் காளைகளிடம் அதிகம் பேசுவார். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றுவார், மற்ற நாளில் ஆள் ஏற்றுவார். எங்கள் சாதிதான், ஆனால் நிலமில்லாத வீடு. ஓலை வேய்ந்த இரண்டு அறை, பக்கத்தில் ஒரு மாட்டுத்தொழு, ஒரு கிணறு. இதுதான் அவருடைய ஆஸ்தி.

அவருக்குள் ஒரு புண் இருந்தது. மனைவி தாணம்மாளுக்குத் தலைப்பிரசவம் கோளாறாகி, நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது கரையில் சக்கரம் இறங்கிவிட்டது. பிள்ளை வண்டிக்குள்ளேயே பிறந்து வண்டிக்குள்ளேயே போய்விட்டது. இரண்டாவதும் பிறந்த அன்றே போயிற்று. அதற்குப் பிறகு தாணுவுக்கு ஒரே எண்ணம்தான். ஊரில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும், இருந்தால் போதும்.

கொல்லம் 1103-ல், அதாவது இங்கிலீஷ் கணக்கில் 1928-ல், சர்க்கார் எங்கள் ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி அனுமதித்தது. கோயிலுக்குச் சொந்தமான பழைய நெல்லுப்புரையை வெள்ளையடித்து ஆஸ்பத்திரியாக்கினார்கள். உத்தரவில் ஒரு நிபந்தனை இருந்தது. டாக்டர் குடியிருக்க ஊர் ஒரு வீடு தரவேண்டும். என் அப்பா கணபதியப்பன் பிள்ளைதான் ஊர் முதலடி. ஊர்க்காரியம் எதிலும் முதல் வாக்கும் கடைசி வாக்கும் அவருடையது. எங்களுக்கு மேலத்தெருவில் இன்னொரு வீடு உண்டு. ஓட்டு வீடு, உள்முற்றத்திலேயே கிணறு, ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. 'வீடு தயார்' என்று அப்பா சொல்ல, நான் எழுத, அவர் கையெழுத்துப் போட்டார். ஊர் மனுக்களெல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். அதை அப்போது பெருமையாக நினைத்தேன்.

முதலில் வந்தவர் பாலக்காட்டுக்காரர், ஐயர். மேலவீடு உடனே திறந்தது. அப்பாவுக்கு என்ன நினைப்பென்றால், டாக்டரை சர்க்கார் எங்கள் வீட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டது என்று. அப்பாவுக்குத் தலைவலி என்றால் அவர் வரவேண்டும். பெரியம்மாவுக்கு ஏப்பம் வந்தால் வரவேண்டும். ஒருநாள் எருமைக்கு வயிறு ஊதியதற்கும் ஆளனுப்பினார். ஐயர் வந்து எருமையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், நேரே போய் மாற்றலுக்கு எழுதிவிட்டார்.

இரண்டாமவர் கோட்டயத்து நஸ்ராணி, சிரியன் கிறிஸ்தவர். மேலவீட்டில் ஓடு மாற்றுகிறோம் என்றார்கள். ஓடு மாற்றி முடியவேயில்லை. மனிதர் கொட்டாரத்தில் ஒரு கடை மாடியில் அறையெடுத்துத் தங்கி, தாணுவின் வண்டியில் தினமும் வந்துபோனார். மழை பிடித்ததும் பாதி வழியில் இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் சகதியில் நடந்து வருவார். கார்த்திகை முடிவதற்குள் போய்விட்டார்.

மூன்றாமவர் நம்ம ஆள். வெள்ளாளப் பையன், கல்யாணமாகாதவர். அரைமணி நேரத்தில் ஓடும் சரியாகிவிட்டது, வீடும் கழுவி விட்டாயிற்று. இவரைப் போகவிடாமல் பிடித்துவைக்க ஊர் கண்டுபிடித்த வழி கல்யாணம். மூன்று வீட்டில் பெண் இருந்தது. மூன்று வீட்டிலிருந்தும் விருந்துக்கு அழைப்பு. ஒரு வீட்டில் சாப்பிட்டால் மற்ற இரண்டு வீட்டிலும் முகம் கறுக்கும். கடைசியில், அவன் மூன்றாவது வீட்டில் பெண்ணெடுத்தால் தங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிப் படி ஏறமாட்டார்கள் என்று இரண்டு வீட்டார் சபதம் போட்டார்கள். பாவம், அந்தப் பிள்ளை விடியுமுன் தாணுவின் வீட்டுக் கதவைத் தட்டி, "வண்டிய மெதுவா விடும் வே, மணிச்சத்தம் கேக்கப்பிடாது" என்று கெஞ்சியதாம். தாணு காளைகளின் கழுத்து மணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொண்டுபோய் விட்டார்.

நாலாமவர் செல்வதாஸ். 1108 புரட்டாசியில் வந்தார். மேற்கே விளவங்கோடு பக்கத்து வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். எல்.எம்.பி. படித்தவர். மனைவி லீலாபாய் பிரசவம் பார்க்கப் படித்த நர்ஸ். ஜெயபாய் என்று இரண்டு வயதுப் பெண் குழந்தை. மற்றவர்கள் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார்கள். இவர்கள் கட்டில், அம்மிக்கல், தையல் மிஷின், அதோடு ஈரச்சாக்கில் சுற்றிய இரண்டு முருங்கைக் கம்பும் கொண்டுவந்தார்கள். தாணு அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னாராம்: "ஏட்டி, கம்பு நடுகதுக்குக் கொண்டு வாறவங்க போறதுக்கு வரல்ல. இவங்க நிப்பாங்க." தாணம்மாளுக்கு அப்போது ஐந்து மாதம்.

மேலவீட்டில் மறுபடியும் ஓடு உடைந்துவிட்டது. செல்வதாஸ் குடும்பத்தோடு நெல்லுப்புரையின் பின்னறையில் தங்கினார். எலி ஓட்டம், ஒழுகல், ஈரத்தரை. அந்த அறையில் இருந்துகொண்டுதான் அவர் ஊருக்கு வைத்தியம் பார்த்தார். இரண்டாம் மாதம் அவர் குழந்தைக்கே காய்ச்சல் பிடித்தது. அவர் எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து நின்று, உள்ளே ஏறாமலே கேட்டார்.

"பிள்ளைவாள், எனக்க பிள்ளைக்கு அந்த ஈரத்துல தீனம் மாறல்ல. மேலவீட்டுல ஒரு அறை தந்தாப் போரும்."

அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "டாக்டருக்க வைத்தியத்துல ஒரு கொறையும் இல்ல. வீடும் கெடக்கு. கெணறுல்லா வெவகாரம்! ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவா?"

அந்த நாலு பேரில் மூன்று பேர் எங்கள் அப்பாதான். நாலாவது ஆள் நான். பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் செல்வதாஸ் ஊரைவிட்டுக் கிளம்ப முடிவுசெய்ய, தாணு வண்டியைக் கொண்டுபோய் நெல்லுப்புரை முன்னால் நிறுத்தினார். கட்டில், மிஷின், அம்மிக்கல் எல்லாம் ஏறின. முருங்கைக் கம்பு நடாமலே சாக்கில் துளிர்த்திருந்தது, அதையும் ஏற்றினார்கள். ஊர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன். வண்டி தெருமுனை வரை போயிற்று. கொட்டாரத்துக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். தாணு காளைகளை இடதுபக்கம் திருப்பினார்.

"தாணு, இது எந்த வழி? வழி தப்பிட்டா?" என்று செல்வதாஸ் உள்ளிருந்து கேட்டார்.

"தப்பல்ல டாக்டரே. இம்புட்டு நாளும் தப்பின வழியிலதான் போயிட்டிருந்தேன்."

வண்டி அவர் வீட்டு முற்றத்தில் போய் நின்றது. தாணம்மாள் ஏழு மாத வயிற்றோடு, பானை சட்டிகளைத் தொழுவுக்குள் ஏற்கெனவே மாற்றிவைத்திருந்தாள். இரண்டு அறையும் சாணம் மெழுகிக் காய்ந்து கிடந்தன. லீலாபாய் இறங்க மாட்டேன் என்றாராம். பிள்ளைத்தாய்ச்சியை மாட்டோடு படுக்கவைத்துவிட்டு நான் உள்ளே படுப்பதா என்று அழுதாராம். தாணம்மாள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். "மாடு என்னைய ஒண்ணும் செய்யாது அக்கா. நீங்க போயிட்டா என் பிள்ள எனக்கு இல்ல. எறங்குங்கோ."

முருங்கைக் கம்பு அன்று மாலையே அந்த முற்றத்தில் ஊன்றப்பட்டது.

ஊர் சும்மா விடுமா? வண்ணானும் நாவிதனும் தாணு வீட்டுக்குப் போகக்கூடாது என்று அப்பா சொன்னார். அந்த வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுத்துவந்த ஏழு வீடுகள் நிறுத்திக்கொண்டன. மாசியில் கும்பப்பூ அறுவடை வந்தபோது ஒரு மூட்டை நெல்கூடத் தாணுவின் வண்டிக்குக் கொடுக்கவில்லை, பக்கத்து ஊரிலிருந்து வண்டி வரவழைத்தார்கள். அவர் தெற்கே உப்பளத்துக்குப் போய் உப்பு மூட்டை ஏற்றிப் பிழைத்தார். ஒரு வார்த்தை யாரிடமும் வழக்காடவில்லை. அதுதான் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

ஆனால் அதற்குமுன் தையில் தாணம்மாளுக்கு வலி கண்டிருந்தது. லீலாபாய் அவளைத் தம் கட்டிலில் கிடத்தினார். பிள்ளை திரும்பிக் கிடந்தது. புருஷனும் மனைவியுமாக ஒரு பகல் முழுக்கப் போராடி உயிரோடு எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாணு தொழுவில் காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைத் தெருவில் போனவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அந்தச் செய்தி வீட்டுக்கு வீடு பெண்கள் வழியாகப் போயிற்று. பிறகு கேட்க வேண்டுமா? முகத்தைத் திருப்பிக்கொண்டே ஊர் டாக்டரிடம் போகத் தொடங்கியது. மூன்று வருஷத்துக்குள் மருதங்கரையில் அந்த அம்மாள் கையால் பிறந்த பிள்ளைகள் முப்பதுக்கு மேல். வைத்தியம் வேண்டும், வைத்தியர் மட்டும் தீண்டக்கூடாது!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எங்கள் ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கிண்டியில் தங்கள் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுபோவார்கள். மருந்தை அந்தத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும். மருந்து யார் தொட்டாலும் தோஷமில்லை, தண்ணீர்தான் நம்ம தண்ணீராக இருக்க வேண்டும். செல்வதாஸ் இதையும் பொறுத்துக்கொண்டார். கம்பவுண்டர் ஒவ்வொரு கிண்டியாக வாங்கி ஒவ்வொரு குப்பியாகக் கலக்கிக் கொடுத்தார்.

1110 வைகாசியில் சுற்றுவட்டாரத்தில் வாந்திபேதி வந்தது. எங்கள் குளத்துத் தண்ணீரிலும் அது இருக்கும் என்று செல்வதாஸுக்குச் சந்தேகம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில்தான் இனி மருந்து, யாரும் கிண்டி கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு நிற்காமல், பிடிவாதமாகக் கொண்டுவந்த நாலைந்து கிண்டித் தண்ணீரை வாசலில் கொட்டினார். அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் எத்தனையோ பேர் போனார்கள். மருதங்கரையில் ஒருவரும் சாகவில்லை. ஒருவரும்! அதற்கு நாங்கள் காட்டிய நன்றி என்ன தெரியுமா? ஒரு மனு.

அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஊராரின் தண்ணீரைக் கொட்டி அவமதிக்கிறார், தம் தண்ணீரைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துகிறார், மதம் மாற்றுகிறார். பாதி எழுதும்போது என் தங்கை அழகியநாயகி கதவோரத்தில் வந்து நின்றாள். உண்டாகி மசக்கையாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். லீலாபாய்தான் அவளைப் பார்த்துவந்தார்.

"அண்ணா, இத எழுதணுமா?" என்று கேட்டாள்.

அப்பா அவளைப் பார்த்த பார்வையில் அவள் உள்ளே போய்விட்டாள். நான் எழுதி முடித்தேன். நாற்பத்திரண்டு கையெழுத்து. அதில் முப்பது பேராவது அவர் கையால் மருந்து குடித்துப் பிழைத்தவர்கள்.

ஆடியில் மாற்றல் உத்தரவு வந்தது. அன்று தாணு எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தார். ஊர் விலக்கிய பிறகு முதல் தடவையாக வந்தது அன்றுதான். அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நீருதான எழுதினேரு? எனக்கு எழுத்து தெரியாது. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு மட்டம் எனக்கு வாசிச்சுக் காட்டும்."

நகல் என் பெட்டியில் இருந்தது. என்னால் எடுக்க முடியவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார்.

டாக்டரையும் குடும்பத்தையும் கொட்டாரத்தில் விட்டுவிட்டுத் திரும்பிவந்த தாணு, மறுநாள் தம் பானை சட்டிகளையும் மனைவியையும் பிள்ளையையும் அதே வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஏன் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு, "டாக்டர் இல்லாத ஊருக்கு வண்டி என்னத்துக்கு வே? தூக்கிட்டுப் போகக் கட்டில் போரும்" என்று சொன்னாராம். கொட்டாரத்தில் ஒரு கடைக்குப் பின்னால் குடியேறினார். செல்வதாஸைத் திற்பரப்புக்கும் மேலே ஒரு மலையடிவார ஊருக்குப் போட்டார்கள். யானை வந்து வாழையைத் தின்றுபோகிற ஊர். அங்கே இன்றைக்கும் இருக்கிறார், நாலு வருஷமாக. பட்டணத்துச் சுகமாம்! அங்கே யாரோ ஒரு புண்ணியவான் வீடு கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் சமாசாரம்.

எங்கள் ஊருக்கு அப்புறம் டாக்டர் வரவில்லை. கார்த்திகையில் அழகியநாயகிக்கு வலி கண்டது. காலையில் தொடங்கியது, உச்சிக்கு மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். வெளியே மூன்று நாள் மழை. பக்கத்து ஊர் வண்டிக்காரர்கள் கரையைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.

"தாணுவுக்கு ஆளனுப்புவோம் அப்பா, அவர் வருவார்" என்றேன்.

"அவன் வண்டி இந்தத் தெருவுக்குள்ள வரப்பிடாது" என்றார் அப்பா. மகள் உள்ளே கதறிக்கொண்டிருக்கும்போது சொன்னார். நான் அவரை மீறி ஆளனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. கட்டிலில் கிடத்தி நாலு பேர் தூக்கினோம். நானும் ஒரு கால் பிடித்தேன். சகதியில் பத்து அடிக்கு ஒருதரம் வழுக்கியது. கட்டில் ஆடும்போதெல்லாம் அவள் "அண்ணா" என்றாள். பெரிய மடைக்கு வந்தபோது அந்தச் சத்தமும் நின்றுவிட்டது.

அதற்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதிரே வண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் மிச்சமிருந்த கம்பவுண்டர் யாரிடமும் கேட்காமல் கொட்டாரத்துக்கு ஓடியிருக்கிறார். தாணு வண்டிக்குள் வைக்கோலைத் திண்டு மாதிரிப் பரப்பி, மேலே தாணம்மாளின் சேலையை விரித்துக்கொண்டு வந்திருந்தார். இறங்கி வந்து கட்டிலைப் பார்த்தார். காளைகளை அவிழ்த்துக் கரையோரம் இறக்கிவிட்டு, அந்த ஒற்றைக் கரையில் தனியாளாக நுகத்தடியைத் தோளில் தாங்கி, வண்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டார். "பிள்ளைய இதுல கெடத்துங்கோ. ஆட்டி ஆட்டிக் கொண்டு போவாண்டாம்" என்றார்.

அந்த வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. அப்பா வாசலில் நின்றார். தடுக்கவில்லை.

இரண்டு வருஷம் முன்னால் அப்பாவும் போய்விட்டார். நெல்லுப்புரையில் இப்போது மறுபடியும் நெல் கிடக்கிறது. தாணு வீட்டுக் கூரை விழுந்துவிட்டது. அந்த முருங்கை மட்டும் மரமாகி நிற்கிறது, ஊரே அதில் காய் பறித்துக் குழம்பு வைக்கிறது. அதற்கு மட்டும் தீட்டில்லை.

கூட்டத்துக்குப் பிறகு பெரியவர்கள் நாலைந்து பேர் என்னிடம் வந்தார்கள். புது மனு எழுத வேண்டுமாம். "நம்ம ஆளாப் பாத்துப் போடச் சொல்லி ஒரு வரி சேத்துக்கோ மக்கா" என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு நேரே கொட்டாரத்துக்கு நடந்தேன். தாணு கடைக்குப் பின்னால் சக்கரத்துக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது. பக்கத்தில் ஆறு வயதுப் பெண் பிள்ளை புளியங்கொட்டை விளையாடிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் கேட்டு மனுப் போடுகிறோம். யார் வந்தாலும் சரி என்று எழுதப்போகிறேன். வந்தால் நீங்கள் வண்டியில் கொண்டுவந்து விடுவீர்களா?" என்று கேட்டேன்.

அவர் மசகுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கொண்டாறேன், அதுக்கென்ன. வண்டிய எந்த வீட்டு முத்தத்துல நிறுத்தணும்? அத மொதல்ல சொல்லும்."

ஊரில் என்ன சொல்வார்களோ என்று நாங்கள் பயந்த நாலு பேரில் மூன்று பேர் அப்பாவோடு செத்துப்போனார்கள். மிச்சம் நான் ஒருவன்தான். மடியிலிருந்து மேலவீட்டுச் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

தாணு அதைத் தொடவில்லை.

"என்கிட்ட என்னத்துக்குத் தாறேரு? ஊர் பாக்கப் பட்டப்பகல்ல ஒம்ம கையால தொறந்து போடும். பொறவு வாறேன்."